மறுத்தவர் கண்ட உண்மை

கலிலேயோவின் வழக்கைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு கதைகள் உலா வருகின்றன. திருச்சபை அறிவியலுக்குப் பகையாக நின்றது என்பது ஒன்று. அதற்கு விடையாக நாம் சொல்லிக்கொள்வது மற்றொன்று: வானியலிலும் இயற்பியலிலும் பெயர் பெற்ற குருக்கள், துறவியர் ஆகியோரின் பட்டியலை நீட்டி, திருச்சபைதான் அறிவியலின் தாய் என்று நிறுவ முயல்கிறோம். வெளியிலிருந்து வரும் முதற்கதை நம்மைப் புண்படுத்துகிறது. நாமே கட்டிய இரண்டாவது கதை நமக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் இவ்விரண்டிலும் அடங்காத ஒரு வரலாறு உண்டு. பூமி சுழல்கிறது என்பதற்கான மிக நுட்பமான சான்றுகளுள் ஒன்றை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர்கள், பூமி சுழலவில்லை என்று வாதிட்ட இரு இயேசு சபைக் குருக்கள். அந்த வரலாற்றை ஈண்டு சற்று விரிவாகக் காண்போம்.

பொலோஞாவின் இரு குருக்கள்

இத்தாலி நாட்டுப் பெராரா நகரில் 1598 ஆம் ஆண்டு பிறந்தவர் அருட்தந்தை ஜியோவான்னி பத்தீஸ்தா ரிச்சோலி. இயேசு சபையில் சேர்ந்து இறையியலும் தத்துவமும் கற்பித்த அவர், பின்னர் பொலோஞா நகரில் தங்கி வானியலில் ஆழ்ந்தார். அவருக்குத் துணை நின்றவர் இருபது ஆண்டு இளையவரான அருட்தந்தை பிரான்செஸ்கோ மரியா கிரிமால்தி. ஒளி ஒரு விளிம்பைக் கடக்கையில் சற்று வளைந்து பரவுகிறது என்பதைக் கண்டறிந்தவர் இவரே. இருவரும் சேர்ந்து வரைந்த நிலாப்படத்தில் இட்ட பெயர்களுள் பல இன்றும் வழக்கில் உள்ளன. 1969 ஆம் ஆண்டு மனிதன் முதன்முதலாகக் காலடி பதித்த 'அமைதிக் கடல்' என்னும் நிலாச் சமவெளிக்குப் பெயரிட்டவர் ரிச்சோலிதான்.

பொலோஞாவில் அசினெல்லி என்னும் பழைய கோபுரம் 97 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து இவர்கள் களிமண் உருண்டைகளை விழவிட்டு, ஊசலின் அசைவுகளைக் கொண்டு நேரத்தை அளந்தார்கள். விழும் பொருளின் வேகம் எவ்வாறு பெருகுகிறது என்று கலிலேயோ சொன்ன விதி சரியா என்று பார்ப்பதே நோக்கம். கலிலேயோவைத் தவறு என்று காட்டவே ரிச்சோலி ஏறினார் என்று சொல்வாரும் உண்டு. எவ்வாறாயினும், இறங்கி வந்தவர் விதி சரியே என்று எழுதி வைத்தார். இந்த மனிதரை நாம் மதிப்பதற்கு இந்த ஒரு செயலே போதுமானது.

1651 ஆம் ஆண்டு வெளியான 'புதிய அல்மகெஸ்ட்' என்னும் அவருடைய இலத்தீன் பெருநூல், பூமி நகர்கிறதா, நிலைத்து நிற்கிறதா என்னும் வினாவை நீண்ட விசாரணையாக நடத்துகிறது. நகர்கிறது என்பதற்கு 49 வாதங்கள், நகரவில்லை என்பதற்கு 77 வாதங்கள், ஆக 126. ஒவ்வொரு வாதமும் அதற்கான மறுமொழியுடன் வைக்கப்பட்டுள்ளது. முடிவில் ரிச்சோலி பூமி நிலைத்து நிற்கிறது என்ற பக்கமே நின்றார். 1633 ஆம் ஆண்டு கலிலேயோவுக்கு எதிராக வழங்கப்பட்ட தீர்ப்பும் அந்நூலில் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு அவர் பணிந்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பணிவு ஒன்றையே வாதமாக வைத்து அவர் நின்றுவிடவில்லை.

கப்பலும் உருண்டையும்

பூமி சுழன்றால் நாம் ஏன் அதை உணர்வதில்லை? மேலே எறிந்த கல் ஏன் பின்தங்கி விழுவதில்லை? பழைய கேள்விகளான இவற்றிற்குக் கலிலேயோ 1632 ஆம் ஆண்டு வெளியிட்ட உரையாடல் நூலில் அழகிய விடை தந்தார். சீராகச் செல்லும் கப்பலின் உள்ளறையில் அமர்ந்திருப்பவர், கப்பல் செல்கிறதா நிற்கிறதா என்று அங்குள்ள எந்த அசைவைக் கொண்டும் அறிய இயலாது. பறக்கும் பூச்சிகளும், கலத்திலுள்ள மீன்களும், சொட்டும் நீரும் கப்பலின் வேகத்தைத் தாமும் பெற்றிருக்கின்றன. பூமியும் அத்தகைய கப்பலே; கல்லும் நாமும் காற்றும் அதன் வேகத்தில் பங்குகொண்டவர்கள்.

இந்த விடையில் ஓர் இடைவெளி இருப்பதை ரிச்சோலியும் கிரிமால்தியும் கண்டார்கள். கப்பலின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் செல்கிறது. சுழலும் உருண்டையில் அவ்வாறில்லை. பூமத்திய ரேகையில் உள்ள நிலம் ஒரு நாளில் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் தொலைவு சுற்ற வேண்டும். அதாவது மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர். பொலோஞாவின் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே செல்கிறது. துருவத்திலோ வேகம் இல்லை; அங்கு நிலம் நின்ற இடத்திலேயே திரும்புகிறது.

இப்போது பொலோஞாவிலிருந்து நேர் வடக்கே ஒரு பீரங்கிக் குண்டைச் சுடுவதாகக் கொள்வோம். குண்டு தான் புறப்பட்ட நிலத்தின் கிழக்கு நோக்கிய வேகத்தையும் சுமந்து செல்கிறது. அது சென்று சேரும் வடக்கு நிலமோ அதைவிட மெதுவாகக் கிழக்கே செல்கிறது. ஆகவே குண்டு நிலத்தை முந்திக்கொண்டு, இலக்கிற்குக் கிழக்கே, சுடுபவரின் வலப்புறமாக விலகி விழ வேண்டும். வடக்கே சுடுவது இவ்வாறு விலகும்; கிழக்கே சுடுவது விலகாது என்று அவர்கள் கருதினார்கள். கிழக்கே செல்லும் குண்டும் வலப்புறம் விலகும் என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. ஆயினும், சுழலும் கோளத்தின் மேல் தடையின்றிச் செல்லும் பொருள் நேர்வழியில் செல்வதாகத் தோன்றாது என்னும் அடிப்படை அவர்களுடைய ஏட்டில் தெளிவாக இருக்கிறது.

குருமடத்தில் அளவையியல் பயின்றோர்க்கு அவர்களுடைய வாதத்தின் அடுத்த அடி பழக்கமானதே. பூமி சுழன்றால் குண்டு விலக வேண்டும். குண்டு விலகுவதை எவரும் கண்டதில்லை. ஆகவே பூமி சுழலவில்லை. வடிவத்தில் குறையில்லை. முதற்கூற்றும் சரியானதே. தவறு நடுவில் இருக்கும் கூற்றில் ஒளிந்திருக்கிறது.

குண்டு எவ்வளவு விலகும்? ஒரு கிலோமீட்டர் தொலைவை ஐந்து நொடியில் கடக்கும் குண்டை எடுத்துக்கொண்டால், பொலோஞாவின் அட்சரேகையில் விலகல் ஏறத்தாழ கால் மீட்டர். அக்காலப் பீரங்கியோ ஒரே முனையிலிருந்து ஒரே மருந்தில் சுட்டாலும் அடுத்தடுத்த குண்டுகளைப் பல மீட்டர் தள்ளித் தள்ளிப் போடும். சந்தைக்கடை இரைச்சலில் ஒருவர் மெல்லச் சொன்ன சொல்லைப்போல அந்தக் கால் மீட்டர் மறைந்துவிட்டது. காணாமை இன்மைக்குச் சான்றாகாது. கண்ணின் கூர்மை எவ்வளவு என்பதை அறிந்த பின்னரே 'காணவில்லை' என்பதற்கு மதிப்பு வரும். ரிச்சோலி அந்த அளவைக் கணக்கிடவில்லை. கணக்கிடுவதற்கான இயக்கவியல் அப்போது உருவாகவும் இல்லை.

இரவிலும் சுரங்கத்திலும்

இயேசு சபையைச் சார்ந்த பிரெஞ்சு நாட்டு அருட்தந்தை தெஷால் 1674 ஆம் ஆண்டு வெளியிட்ட கணித நூலில் இதே வாதத்தை எடுத்தாண்டு, கோபுரத்திலிருந்து விழும் கல்லுக்கும் அதை விரித்தார். கோபுரத்தின் உச்சி பூமியின் மையத்திலிருந்து அடியைவிடத் தொலைவில் இருப்பதால் சற்று விரைவாகச் சுற்றுகிறது. எனவே உச்சியிலிருந்து விழும் கல் அடிக்கு நேரே விழாமல் கிழக்கே தள்ளி விழ வேண்டும். அவரும் இதைப் பூமியின் சுழற்சிக்கு எதிராகவே சொன்னார். ஐந்து ஆண்டு கழித்து, 1679 இல், ஐசக் நியூட்டன் இராபர்ட் ஹூக்குக்கு எழுதிய மடலில் இதே விலகலைக் குறிப்பிட்டார். ஆனால் பூமி சுழல்வதைக் காட்டும் சோதனையாக. ஒரே கருத்து ஒருவர் கையில் மறுப்பாகவும் மற்றவர் கையில் சான்றாகவும் இருந்தது. இடையில் குறைந்திருந்தது அளவீடு ஒன்றே.

அந்த அளவீட்டை முதலில் தீவிரமாக முயன்றவரும் ஒரு குருவே. பொலோஞாவின் ஜியோவான்னி பத்தீஸ்தா குலியெல்மினி, ரிச்சோலி ஏறிய அதே அசினெல்லி கோபுரத்தில், ஏறத்தாழ 78 மீட்டர் உயரத்திலிருந்து உருண்டைகளை விழவிட்டார். எதிர்பார்க்கத்தக்க விலகல் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். தெருவில் ஒரு வண்டி ஓடினாலும் கோபுரம் அதிரும். காற்று அடித்தால் எல்லாம் கெடும். எனவே ஊர் உறங்கிய இரவுகளைத் தேர்ந்துகொண்டார். உருண்டைகள் கிழக்கே விலகின. 1792 ஆம் ஆண்டு முடிவுகளை நூலாக வெளியிட்டார். ஆனால் அவை தெற்கேயும் விலகியிருந்தன. கோட்பாட்டில் அதற்கு இடமில்லை. செங்குத்தைக் காட்டும் தூக்குநூலை அவர் பல மாதங்கள் கழித்தே தொங்கவிட்டிருந்தார் என்பதால் அளவில் பிழை புகுந்தது.

1802 ஆம் ஆண்டு ஜெர்மானியரான பென்சன்பெர்க், ஹம்பர்க் நகரின் புனித மிக்கேல் ஆலயக் கோபுரத்தில் 31 உருண்டைகளை விழவிட்டுக் கிழக்கே 9 மில்லிமீட்டர் விலகலைக் கண்டார். 1831 இல் ரைக் என்பவர் பிரைபெர்க் சுரங்கத்தில் 158 மீட்டர் ஆழத்திற்கு 106 உருண்டைகளை விழவிட்டார். சராசரி விலகல் 28 மில்லிமீட்டர். கணக்கு சொன்னதும் ஏறத்தாழ அதுவே.

இந்த விலகலுக்கு இன்று வழங்கும் பெயர் பாரிசு நகரின் கஸ்பார் குஸ்தாவ் கொரியோலிஸ் என்பவருடையது. 1835 ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் அவர், நீர்ச்சக்கரம் போன்று சுழலும் பொறிகளில் நகரும் பொருள்களின் மீது தோன்றும் விசையைக் கணக்கிட்டார். காற்றையோ கடலையோ பூமியையோ அவர் பேசவில்லை. எனினும் பெயர் அவருக்கே நிலைத்தது. திருச்சபையின் தடைநூல் பட்டியலில் அதுவரை இடம்பெற்றிருந்த கோப்பர்நிக்கஸ், கலிலேயோ, கெப்ளர் ஆகியோரின் நூல்கள் இடம்பெறாத புதிய பதிப்பு வெளிவந்ததும் அதே 1835 ஆம் ஆண்டில்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு நிகழ்வுகள் ஒரே ஆண்டில் அமைந்தன என்பதற்கு மேல் நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பொதுமக்கள் கண்ணால் கண்ட சான்று 1851 இல் வந்தது. லெயோன் ஃபூக்கோ தம் இல்லத்து நிலவறையில் ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, கைபட்டால் அசைவு கெடும் என்பதால், கட்டியிருந்த நூலைத் தீயால் எரித்து அதை விடுவித்தார். சனவரி 8 ஆம் நாள் நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு, ஊசல் ஆடும் திசை மெல்லத் திரும்புவதைக் கண்டார். பின்னர், புனித ஜெனவியேவ் ஆலயமாகக் கட்டப்பட்ட பாந்தியோன் மாளிகையில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஊரையே அழைத்துக் காட்டினார். அங்கு ஒரு மணி நேரத்தில் ஊசலின் திசை 11 பாகைக்குச் சற்று மேல் திரும்பும். அதே ஆண்டு உரோமையில், புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில், இயேசு சபை வானியலாளர் அருட்தந்தை ஆஞ்செலோ செக்கி இச்சோதனையைச் செய்து காட்டினார். 1611 இல் கலிலேயோவை வரவேற்றுச் சிறப்பித்த உரோமைக் கல்லூரியை ஒட்டி நிற்கும் ஆலயம் அது. 1911 இல், வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த இயேசு சபை அருட்தந்தை யோகான் ஹாகன், பூமியின் சுழற்சிக்கான இயக்கவியல் சான்றுகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். ரிச்சோலியின் நூல் வெளிவந்து அப்போது 260 ஆண்டுகள் ஆகியிருந்தன.

புயலின் சுழற்சி

குண்டின் விலகல் கால் மீட்டர் எனில், இதனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். தொலைவும் நேரமும் பெருகப் பெருக விலகலும் பெருகும். காற்று நாள்கணக்கில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்கிறது. தாழ்வழுத்த மையத்தை நோக்கி எல்லாத் திசையிலிருந்தும் விரையும் காற்று வட அரைக்கோளத்தில் வலப்புறம் விலகுவதால் மையத்தை நேரே சென்று சேர முடிவதில்லை. அதைச் சுற்றி இடஞ்சுழியாகச் சுழல்கிறது. தென் அரைக்கோளத்தில் விலகல் இடப்புறம், புயல் வலஞ்சுழி. பூமத்திய ரேகையை ஒட்டி இவ்விளைவு ஒன்றுமில்லாமல் போவதால் அங்குப் புயல்கள் உருவாவது மிக அரிது. 1964 ஆம் ஆண்டு திசம்பர் 22, 23 நாள்களின் இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலின் சுழற்சியும் இந்த விதிக்கு உட்பட்டதே.

காற்றுக்கு முதுகு காட்டி நில்; வட அரைக்கோளத்தில் தாழ்வழுத்தம் உன் இடப்புறம் இருக்கும் என்னும் விதியை 1857 இல் டச்சு நாட்டு அறிஞர் பைஸ் பாலட் வகுத்தார். புயலின் இந்த ஒழுங்கை உயிர் காக்கும் கலையாக மாற்றியவர்களுள் இரு இயேசு சபைக் குருக்கள் முன்னிற்கிறார்கள். கியூபாவின் ஹவானா நகரில் அருட்தந்தை பெனித்தோ வீஞ்ஞெஸ் 1875 செப்டம்பர் 11 ஆம் நாள் வரவிருந்த சூறாவளியை நாளிதழ் வழியாக முன்னறிவித்தார். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் அருட்தந்தை பெதெரிக்கோ ஃபௌரா 1879 ஜூலை 7 ஆம் நாள் அவ்வாறே எச்சரித்தார். மேகங்கள் எத்திசையில் ஓடுகின்றன, காற்று எவ்வாறு திரும்புகிறது என்று மாடியில் நின்று நோக்கியே புயலின் மையத்தை இவர்கள் கணித்தார்கள். ரிச்சோலியின் ஏட்டில் மறுப்பாக இருந்த விலகல், அவருடைய சபைச் சகோதரர்களின் கையில் மீனவர்க்கும் மாலுமிகளுக்கும் காவலாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைகழுவும் தொட்டியில் நீர் இறங்குகையில் சுழல்வதும் இதனால்தான் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. தொட்டியின் அமைப்பும் நீரில் எஞ்சிய அசைவுமே அங்குச் சுழலைத் தீர்மானிக்கின்றன. 1962 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அஷர் ஷபீரோ என்னும் பேராசிரியர் ஆறடி அகலத் தொட்டியில் நீரை நிரப்பி, 24 மணி நேரம் அசையாமல் வைத்து, பின்னர் அடியிலிருந்த சிறு துளையைத் திறந்தார். அப்போதுதான் நீர், பூமியின் சுழற்சிக்கு ஏற்ப, இடஞ்சுழியாகத் திரும்பியது. முன்னைய கலக்கம் முற்றும் அடங்கும் வரை அந்த மெல்லிய விளைவு வெளிப்படவில்லை.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வரலாற்றை நாம் மறையுரைகளில் எப்படிச் சொல்வது? 'கொரியோலிசுக்கு முன்பே நம் குருக்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று சொல்ல மனம் விழையும். அது பாதி உண்மை. அவர்கள் கண்டது விதியை. பெற்ற முடிவு தவறு. தவறிய முடிவை மறைத்து விதியை மட்டும் நம் கணக்கில் வரவு வைப்பது நேர்மையாகாது. மறுபுறம், அவர்களை அறிவை அஞ்சிய இருள்மனத்தினர் என்று சொல்வதும் பொய். கலிலேயோவின் கப்பல் உவமையில் இருந்த இடைவெளியைக் கண்டது அவரை ஏற்காத ஒருவரின் கூர்மைதான். அமெரிக்க இயற்பியலாளர் கிறிஸ்டபர் கிரேனி 2011 முதல் எழுதியவற்றின் வழியாக இப்பகுதி மீண்டும் பலரது கவனத்திற்கு வந்தது.

தீங்கு எங்கே நிகழ்ந்தது என்பதையும் நாம் நேராகப் பார்க்க வேண்டும். வாதம் தவறினால் மறுவாதம் அதைத் திருத்தும். சோதனை அதைத் திருத்தும். யோசுவா நூலில் கதிரவன் நின்றதாக வரும் பகுதியை வானியல் பாடமாகக் கொண்டு, 1616 இலும் 1633 இலும் வினாவையே தீர்ப்பால் மூட முயன்றதில்தான் தீங்கு நிகழ்ந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992 அக்டோபர் 31 ஆம் நாள் திருத்தந்தையின் அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில் அக்கால இறையியலாளர்களின் தவற்றை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். இந்த ஏற்பைச் சொல்ல நமக்கு ஏன் இத்தனை நூற்றாண்டுகள் ஆயின என்னும் வேதனை நம்முடையதே. அதைப் பட்டியல்களால் ஆற்ற வேண்டாம்.

ஆன்மிக வாழ்விலும் 'காணவில்லை, ஆகவே இல்லை' என்னும் நடுக்கூற்று நம்மிடம் அடிக்கடி வந்து நிற்கிறது. மன்றாடினோம், ஒன்றும் நிகழவில்லை என்பார் உளர். அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அவர்கள் வாதத்தின் வடிவம் பிழையற்றது. நாம் செய்யக்கூடியது, அவர்களோடு அமர்ந்து, கலக்கம் அடங்கக் காத்திருப்பது. அவ்வாறே, திருச்சபையின் போதனையை ஏற்காமல் நம் எதிரே அமர்ந்து வாதிடுகிறவரின் சொல்லையும் முழுமையாகக் கேட்டு, குறைக்காமல் எழுதி வைத்துக்கொள்வோம். ரிச்சோலி தாம் ஏற்காத பக்கத்தின் 49 வாதங்களையும் அவ்வாறுதான் எழுதினார். தம் நூலின் எந்தப் பக்கம் பின்னாளில் மெய்யாகும் என்று அவருக்கே தெரியாது. எதிரே இருப்பவரின் எந்தச் சொல் நாளை நமக்கு வெளிச்சமாகும் என்று நமக்கும் தெரியாது.